யூஜின் சென்

யூஜின் சென் (1878–1944) டிரினிடாட்டில் பிறந்த சீன வழக்கறிஞரும், பின்னாளில் சீனத் தேசிய அரசின் வெளியுறவு அமைச்சராக இருந்தவரும் ஆவார். சீன மொழியைச் சரளமாகப் பேச இயலாத இவர், பிரித்தானியரிடமிருந்து சீன நிலத்தைப் பேச்சுவார்த்தையின் மூலமே மீட்டுத் தந்தார்.

இவரது தந்தை தைப்பிங் கிளர்ச்சியில் பங்கேற்று, அது ஒடுக்கப்பட்டபின் மேற்கிந்தியத் தீவுகளுக்குத் தப்பி வந்தவர். சான் பெர்னாண்டோவில் பிறந்த சென் ஆங்கிலவழிக் கல்வி பெற்றுச் சட்டத் தொழிலில் நல்ல பெயரெடுத்தார். 1911 புரட்சிக்குப் பின் அந்த வசதியான வாழ்க்கையை விட்டு, கண்டறியாத தாய்நாட்டுக்குப் புறப்பட்டார்.

பெய்ஜிங்கில் 'பீக்கிங் கெசட்' என்ற ஆங்கில நாளிதழின் ஆசிரியரானார். பிரதமர் துவான் சீருயி சப்பானுடன் மறைவாக நடத்திய பேரங்களை 1917இல் அவ்விதழில் வெளிப்படுத்தியதால் சிறை செல்ல நேர்ந்தது. விடுதலையான பின் சன் யாட்-சென்னுடன் சேர்ந்து அவரது வெளியுறவு ஆலோசகரானார்.

சென்னின் பெயர் நிலைத்தது ஹாங்கௌ நகரத்தால்தான். யாங்சி ஆற்றங்கரையில் உள்ள அந்நகரின் ஒரு பகுதி 1861 முதல் பிரித்தானியரின் குத்தகைப் பகுதியாக இருந்தது. அங்கே சீனச் சட்டம் செல்லாது. காவலும் நகராட்சியும் பிரித்தானியர் கையில். 1927 சனவரித் தொடக்கத்தில் பெருங்கூட்டம் அப்பகுதியைச் சூழ்ந்தது. பிரித்தானியக் கடற்படை வீரர்கள் கப்பல்களுக்குத் திரும்ப, சீனப் படையினர் காவலை ஏற்றனர். ஒரு துப்பாக்கிச்சூடு போதும், போர் மூண்டிருக்கும். பிரித்தானியாவும் சாங்காய்க்குப் பெரும்படை அனுப்பிக்கொண்டிருந்தது.

கூட்டத்தின் கோபத்தை அடக்கிவைத்துக்கொண்டே, பிரித்தானியத் தூதரக அதிகாரி ஓவன் ஓமாலியுடன் சென் வாரக்கணக்கில் பேசினார். ஆங்கிலேயரின் சட்டமொழி அவருக்கு அத்துப்படி. அரசின் குறிப்புகளை ஆங்கிலத்திலேயே எழுதினார். தாய்மொழி தெரியாத குறை அந்த மேசையில் அவருக்குப் பலமானது என்றே கூறலாம். பிப்ரவரி 19 அன்று சென்–ஓமாலி உடன்படிக்கை கையெழுத்தானது. ஹாங்கௌ பகுதி சீனாவிடம் வந்தது. சியுசியாங் நகரப் பகுதிக்கும் மறுநாளே இதேபோன்ற உடன்படிக்கை ஏற்பட்டது.

இந்த வெற்றிக்கு ஆயுள் குறைவு. சில மாதங்களிலேயே கட்சி பிளவுபட, சென் சன்னின் மனைவி சோங் சிங்லிங்கைப் போலவே மாசுகோ சென்றார். 1933இல் சியாங் கை-செக்குக்கு எதிராக எழுந்த பூசியன் அரசிலும் வெளியுறவுப் பொறுப்பேற்றார். அது இரண்டு மாதங்களில் வீழ்ந்தது. இரண்டாம் உலகப்போரில் ஹாங்காங்கில் சப்பானியரிடம் அகப்பட்டு, சாங்காய்க்குக் கொண்டுசெல்லப்பட்டார். தங்களுக்குச் சார்பான அரசில் சேருமாறு அவர்கள் வற்புறுத்தியும் இணங்கவில்லை. 1944 மே மாதம் அங்கேயே காலமானார்.

1930இல் இவர் மணந்த ஓவியர் சார்சட் சென், பின்னாளில் சிங்கப்பூரில் குடியேறி நன்யாங் நுண்கலைக் கழகத்தில் பல்லாண்டுகள் கற்பித்தார். அவர் வரைந்த ஓவியங்களில் யூஜினின் உருவப்படமும் உண்டு.