இடம் கேட்கும் ஞானப்பல்!

மாடல் எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி. ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தான் ரூம்மேட். 'படிச்சுப் படிச்சு ஞானம் முத்திப்போச்சுடா'ன்னு மொத்த ஹாஸ்டலும் கலாய்ச்சது. நாலு நாளா கிராம்பை வெச்சே சமாளிச்சவனுக்கு, மறுநாள் வாயையே திறக்க முடியலை. எக்ஸாம் அவுட்! எக்ஸ்ரேயைப் பார்த்த பல் டாக்டர் ஒரே வரியில் சொன்னார்... "பல்லு நல்லாத்தான் இருக்கு தம்பி. அது முளைக்கத் தாடையிலதான் இடம் இல்லை!"

17-லிருந்து 25 வயசுக்குள் எட்டிப்பார்க்கும் கடைசிக் கடவாய்ப் பல்தான் ஞானப்பல். கரெக்டா நம்ம காலேஜ் டைம்! சரி, அதோட இடத்தை ஆட்டையைப் போட்டது யார்? விடை தெரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். ரொம்பவே பின்னாடி!

1959-ம் வருஷம். இன்றைய தான்சானியாவில் இருக்கும் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். வயசு, சுமார் பதினேழரை லட்சம் வருஷம். தட்டு மாதிரி அகலமான முகம், மெகா சைஸ் கடவாய்ப் பற்கள், உச்சந்தலையில் சேவல் கொண்டை மாதிரி ஒரு எலும்பு முகடு. 'பாராந்த்ரோபஸ் பாய்சி' என்பது இந்த இனத்தின் பெயர்.

எதுக்கு அந்தக் கொண்டை? இப்பவே நெற்றிப்பொட்டில் விரலை வெச்சு, பல்லை இறுக்கிக் கடிச்சுப் பாருங்க. புடைக்குதா? அதுதான் மெல்லுகிற தசை. நமக்கு அது தலையோட பக்கவாட்டிலேயே நின்றுவிடுகிறது. பாய்சிக்கோ உச்சி வரைக்கும் ஏறி, அந்த முகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனா மூளை 500 சி.சி. சொச்சம்தான். நமக்குச் சராசரியா 1,350 சி.சி!

பாய்சி நமக்கு நேரடித் தாத்தா இல்லை, பங்காளி. அதே காலத்தில் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த நம்ம வகையறா வேற ரூட் எடுத்தாங்க. கல்லால் கறியை வெட்டினாங்க, கிழங்கை நசுக்கினாங்க. அதில் என்ன லாபம்? 2016-ல் ஹார்வர்டின் கேத்ரின் ஜிங்க், டேனியல் லீபர்மேன் இருவரும் ஆட்களை மெல்லவிட்டே அளந்தார்கள். சாப்பாட்டில் மூணில் ஒரு பங்கு கறியைச் சேர்த்து, வெட்டி நசுக்கித் தின்றாலே, மெல்லும் தடவை 17 சதவீதமும், கடிக்கும் விசை 26 சதவீதமும் குறையுமாம். அப்புறம் அடுப்பு வேற வந்தாச்சு. லோடு குறைஞ்சா பீம் சைஸும் குறையும்னு சிவில் பசங்களுக்குத் தெரியுமே... அப்படித்தான் லட்சக்கணக்கான வருஷத்தில் தாடை சுருங்கி, முகம் மூளைக்கு அடியில் ஒதுங்கியது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூடில் கிடைத்த 3 லட்சம் வருஷப் பழைய மண்டையோட்டில் முகம் கிட்டத்தட்ட நம்ம முகம்தான். பின்மண்டை மட்டும் நீளம். உருண்டைத் தலை அதுக்கப்புறம் வந்ததுதான்.

க்ளைமாக்ஸ் இனிமேதான். பல்லோட சைஸைப் பெரும்பாலும் ஜீன் முடிவு பண்ணுது. தாடை எலும்போ, வளரும் வயசில் எவ்வளவு மெல்றோம் என்பதையும் பொறுத்தது. லீபர்மேன் குழு ஹைராக்ஸ் என்ற குட்டிப் பிராணிகளை வெச்சு இதைச் சோதித்தது. வேகவைத்த தீனி தின்றவற்றுக்கு, மெல்லும் வேலை விழுகிற முகப் பகுதிகள் சுமார் 10 சதவீதம் குறைவாகவே வளர்ந்ததாக 2004-ல் முடிவு வந்தது. பழைய சைஸ் பல்லு, மெத்து மெத்துன்னு தின்னு வளர்ந்த தாடை. ஃபுட்போர்டில் தொங்குற கேஸ்தான் ஞானப்பல்!

இனிமே கரும்பு கடிச்சா சரியாகுமா? ஸாரி பாஸ், நம்ம வயசில் தாடை வளர்ச்சி கிட்டத்தட்ட ஓவர். எல்லா ஞானப்பல்லையும் பிடுங்க வேண்டியதில்லை. சிலருக்கு அது முளைப்பதே இல்லை. ஆனா வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை என்று வந்துவிட்டால், கிராம்பை நம்பாம டாக்டர்கிட்ட ஓடுங்க.

இரும்புத் தாடை பாய்சி இனம் 10 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே காலி. கல்லைக் கையில் எடுத்த கூட்டம்தான் இன்னிக்கு எக்ஸாம் எழுதுது. ரூம்மேட்டும் ரீ-டெஸ்ட் எழுதிட்டான். பிடுங்கின பல்லை மட்டும் ஜியாமெட்ரி பாக்ஸில் பத்திரமா வெச்சிருக்கான். மேலே லேபிள்: 'ஃபாசில், தொடாதே!'