ஆகாயத்தில் நிலை தவறுதல்

இராமேசுவரத்துப் பள்ளியொன்றில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் உபாத்தியாயர், பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டியும் மாணாக்கர் விளங்காமல் விழித்தபோது, அவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று பிரத்தியக்ஷமாகக் காட்டினார் என்பதும், அந்தப் பாடமே அப்துல் கலாம் என்னும் சிறுவனின் மனத்தில் ஆகாய ஆசையை விதைத்தது என்பதும் நம் ஜில்லாவார் அனைவரும் அறிந்த செய்தி. உச்சிப்புளியிலுள்ள கடற்படையின் 'பருந்து' தளத்தில் எழுந்து இறங்கும் விமானங்களை அண்ணாந்து பார்த்து வளரும் இன்றைய பிள்ளைகளிடத்தும் அந்த ஆசை குறைவின்றி இருக்கிறது. ஆகவே அதன் அபாயத்தையும் அவர்களுக்குச் சொல்வது நம் கடமை.

2022 பிப்ரவரி 26-ஆம் தேதி, தெலங்கானாவின் நல்கொண்டா ஜில்லாவில், பயிற்சிக்காகத் தனியே பறந்த தமிழ்நாட்டு மாணவி ஒருவர் செஸ்னா 152 ரகச் சிறு விமானம் வீழ்ந்து உயிரிழந்தார். விமான விபத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் சிறு விமானங்களில் அதிகமாக உயிர் குடிக்கும் ஒன்றைப் பற்றி, அதாவது விமானம் விமானியின் கட்டுப்பாட்டை விட்டு நழுவுவதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஐயரவர்களின் கடற்கரைக்கே மீண்டும் போவோம். மணலில் இறங்கும் கடற்காகம், கடைசி க்ஷணத்தில் தன் சிறகுகளை அகல விரித்து நிமிர்த்துகிறது. நிமிர்ந்த சிறகு தாங்கும் சக்தியை இழக்கவே, பறவை மெத்தென்று தரையில் அமர்கிறது. விமானத்தின் இறக்கைக்கும் இதே நியதிதான். காற்றை அது எதிர்கொள்ளும் கோணம் ஏறத்தாழ 15, 16 பாகை வரையில் வளர வளரத் தூக்கும் சக்தியும் வளர்கிறது. அந்த எல்லையைத் தாண்டியவுடன், மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிரிந்து கலங்கிவிட, விமானம் தாழ்கிறது. விமானிகள் இதை 'ஸ்டால்' என்பார்கள். எஞ்சின் நின்றுபோவதே ஸ்டால் என்று பலர் எண்ணுகிறார்கள். எஞ்சின் முழங்கிக்கொண்டிருக்கும்போதே இது நேரும். பறவை ஒரு சாண் உயரத்தில் வேண்டுமென்றே செய்வதை, மாணாக்கன் 500 அடி உயரத்தில் அறியாமல் செய்துவிடுகிறான், வித்தியாசம் அவ்வளவே.

அது நேரக்கூடிய இடங்களுள் ஒன்று, ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கடைசி வளைவு. பாதையைத் தாண்டிவிடுவோமோ என்று பதறிய மாணாக்கன், விமானத்தை மேலும் சரிக்கிறான். வாலிலுள்ள சுக்கானாகிய ரட்டரைக் காலால் மிதித்து மூக்கைத் திருப்புகிறான். தரை நெருங்குவதைக் கண்டு, கைப்பிடியைத் தன்பால் இழுக்கிறான். உயரம் குறையாமல் 60 பாகை சரிந்து திரும்பும் இறக்கை இரு மடங்கு பாரத்தைச் சுமப்பதால், நேர்கதியில் மணிக்கு 50 மைல் வேகத்தில் வரக்கூடிய ஸ்டால், அப்பொழுது 70 மைலிலேயே வந்துவிடும். ஓர் இறக்கை மற்றதற்கு முந்திச் சக்தியிழக்க, விமானம் அந்தப் பக்கமாகக் கவிழ்ந்து, பனையோலைக் காற்றாடியைப்போல் சுழன்றுகொண்டே இறங்குகிறது. இதுவே 'ஸ்பின்'.

விழும் பொருளை மேலே இழுப்பது மனித சுபாவம்; இங்கோ அந்தச் சுபாவமே சத்துருவாகிறது. 1912 ஆகஸ்டு 25-ஆம் தேதி, இங்கிலாந்தின் ஸாலிஸ்பரி சமவெளியில், வில்பிரட் பார்க் என்னும் கடற்படை லெப்டினன்ட் இத்தகைய சுழலில் அகப்பட்டு, கைப்பிடியை இழுத்தும் எஞ்சினை முடுக்கியும் பயன் காணாமல், இறுதியில் சுழலுக்கு எதிர்ப்பக்கம் ரட்டரை முழுதும் திருப்பியபோது, தரைக்குச் சுமார் 50 அடி உயரத்தில் விமானம் நேரானது. இன்று கற்பிக்கப்படும் முறையின் வித்து அதுதான்: எஞ்சின் வேகத்தைக் குறை, எதிர்ப்பக்க ரட்டரை மிதி, கைப்பிடியை முன்னே தள்ளு. ஆனால் இதற்கெல்லாம் உயரம் வேண்டும். 1980 ஜூன் 23-ஆம் தேதி தில்லியில் பிட்ஸ் ரக விமானம் தாழ்வான சாகசத்தின் நடுவே கட்டுப்பாடிழந்து வீழ்ந்து, சஞ்சய் காந்தியும் உடன் பறந்த காப்டன் சக்சேனாவும் மாண்டனர்.

கண் மயங்குவதாலும் கட்டுப்பாடு நழுவும். வெயில் மங்கிய வேளையில் தனுஷ்கோடி முனையில் நின்றவர்கள், கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாத அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்திருப்பார்கள். அடிவானம் மறைந்தால், உடல் சமநிலையை உட்செவியைக் கொண்டே நிதானிக்க வேண்டும். ஒரே சீராகத் திரும்பும்போது சிறிது நேரத்திலேயே அச்செவி 'நேராகப் போகிறாய்' என்று பொய்யுரைக்கும். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில், கருவிகளை நம்பிப் பறந்து பழகாத 20 மாணாக்கர்களை வெளிக்காட்சி மறைத்துப் பறக்கவிட்டுப் பரீக்ஷித்தார்கள். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக 178 விநாடிகளில்!

வர்த்தக விமானி உரிமத்துக்கு நம் நாட்டில் 200 மணி நேரப் பறத்தல் வேண்டும். அந்தக் கணக்கு நிறைவதொன்றே போதுமென்று நான் கருதவில்லை. நிலத்தை அடகு வைத்தும் நகையை விற்றும் பிள்ளையை விமானப் பள்ளியில் சேர்க்கப் போகும் பெற்றோர்களே, கட்டணத்தை விசாரிக்கும் அதே வாயால் இன்னொன்றையும் விசாரியுங்கள்: என் பிள்ளை தனியே பறக்குமுன், ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து, போதிய உயரத்தில், எத்தனை தடவை ஸ்டாலிலிருந்து மீளப் பழக்குவார்? நேரான விடை கிடைக்காத பள்ளியில் பணத்தைக் கட்டாதீர்கள்.