கூட இருப்பவரின் சொல்

தை அமாவாசை தோறும் திருக்கடையூர்க்காரர்கள் நினைத்துக்கொள்ளும் கதை இது. தஞ்சை மராட்டிய மன்னர் முதலாம் சரபோஜி (ஆட்சி 1712–1728) கோயிலுக்கு வருகிறார். அம்மன் சன்னதியில் ஒருவர் தன்னை மறந்து உட்கார்ந்திருக்கிறார். யார் இவர் என்று அருகிலிருந்தவர்களை மன்னர் விசாரிக்க, பித்தர் என்கிறார்கள். அவரிடமே இன்று என்ன திதி என்று கேட்கிறார். பௌர்ணமி என்று பதில் வருகிறது. அன்றோ அமாவாசை. அந்தப் பித்தர்தான் அபிராமி பட்டர். அவர் அந்தாதி பாடியதும், அம்மன் அபிராமி தன் காதணியான தாடங்கத்தை வீசி நிலவு காட்டியதும் நமக்குத் தெரியும். நான் வியப்பது அதற்கு முந்தைய கணத்தை. ஒரு மனிதரை அறிய மன்னர் கையாண்டது இரண்டு வழி: கூட இருப்பவர் சொல், ஒரே ஒரு கேள்வி. இரண்டுமே பட்டரை அவருக்குக் காட்டவில்லை.

சென்னையில் ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற நினைக்கும் இளம் வக்கீலும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார். “இப்போதைய ஆபீஸில் யாரிடம் விசாரிக்கலாம்?” என்று புது இடத்தில் கேட்பார்கள். பெயர் கொடுத்தால், வேலை கிடைக்கும் முன்பே சீனியருக்குச் செய்தி போய்விடும். மறுத்தால் எதையோ மறைப்பதுபோலத் தோன்றும்.

இப்படி விசாரித்து அறியும் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு? வேலைக்கு ஆள் தேர்ந்தெடுப்பது பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஆய்வாளர்கள் ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998இல் கணக்கிட்டார்கள். பின்னாளில் ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதோடு ஒரு தேர்வு முறையின் கணிப்பு முழுமையாகப் பொருந்தினால் 1, பொருத்தமே இல்லாவிட்டால் 0. வேலையையே செய்யவைத்துப் பார்க்கும் தேர்வுக்கு 0.54 கிடைத்தது. முன்னாள் முதலாளிகளை விசாரிப்பதற்கு 0.26தான்.

ஏன் இவ்வளவு குறைவு? சொல்பவருக்கும் அதில் ஆதாயம் உண்டு. கெட்டிக்கார ஜூனியரை இழக்க விரும்பாதவர் அடக்கி வாசிக்கலாம். போனால் போதும் என்றிருப்பவர் வாயாரப் புகழலாம். வெளியே கேட்பவருக்கு எது எதுவென்று தெரியாது. நல்லவரை இப்போதைய முதலாளி எப்படியும் பிடித்து வைத்துக்கொள்வார், அதனால் மாற வருபவர்மேல் சந்தேக நிழல் விழும் என்று பொருளாதார அறிஞர் புரூஸ் கிரீன்வால்ட் 1986இல் விளக்கினார்.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் விசித்திரம். வேலையை விட்டுப் போகிறவருக்குச் சான்றிதழ் தரவேண்டும் என்பது அங்கே சட்டம். அது அவர் முன்னேற்றத்தைக் கெடுக்கவும் கூடாது. ஆகவே குறையையும் புகழ்போலவே எழுதும் ஒரு மறைமொழி வளர்ந்தது. “எப்போதும் முழுமுழுத் திருப்தி” என்றிருந்தால் முதல் தரம். “எப்போதும்” என்ற சொல் விடுபட்டாலே ஒரு படி இறக்கம். “முயற்சி எடுத்தார்” என்றால் ஒன்றும் உருப்படியாகவில்லை என்று பொருள்.

மற்றத் தொழிலில் இருப்பவர், செய்த வேலையை எடுத்துக் காட்டிவிடலாம். வக்கீலால் முடியாது. கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு கட்டுப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவு அதையே சொல்கிறது. அவர் எழுதிக் கொடுத்த ஆலோசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வழக்குக் கட்டுக்குள்ளேயே கிடக்கவேண்டியதுதான். அதனால்தான் அடுத்தவர் சொல்லுக்கு இந்தத் தொழிலில் இத்தனை கனம்.

என் எண்ணத்தில், இப்போதைய சீனியரை விசாரிப்பது கடைசிப் படியாக இருக்கவேண்டும். வேலை உறுதி, விசாரணை மட்டும் பாக்கி என்று எழுத்தில் வாங்கிய பிறகு, முதலில் தானே போய்ச் சீனியரிடம் சொல்லிவிட்டு, அப்புறம் பெயர் கொடுப்பதுதான் முறை. அதுவரைக்கும் முன்பு வேலை பார்த்த ஆபீஸின் சீனியர் இருக்கிறார். கோர்ட்டில் வாதாடுபவருக்கோ இன்னொரு சாட்சியும் உண்டு. நம் கட்டைப் பார்க்காமலே, திறந்த கோர்ட்டில் நம் வாதத்தை வரிவரியாகக் கேட்டு, அதை உடைக்க முயன்றவர்: எதிர்த்தரப்பு வக்கீல்.