எட்டு நாளில் ஒரு மாடி: இட்லிப் பானைக்குள் ஓர் அடுக்ககம்

சென்னையில் ஓ.எம்.ஆரிலோ போரூர் பக்கமோ தினம் போய்வருகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. போன வாரம் பதினோராம் மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்த கட்டடம், இந்த வாரம் பன்னிரண்டுக்குப் போயிருக்கும். ‘எட்டு நாளைக்கு ஒரு ஸ்லாப் சார்’ என்று சைட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அதே கட்டடம் மொட்டைமாடி வரை ஏறிய பிறகு, ஜன்னலும் பெயின்டும் இல்லாமல் வருஷக்கணக்கில் நிற்கும். அவ்வளவு வேகமாக ஏறியது எங்கே போய் மாட்டிக்கொண்டது? இட்லி அவிக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

அரிசியிலிருந்தே தொடங்கலாம். ஒரு படி அரிசிக்கு எத்தனை இட்லி என்பது வீட்டில் கைப்பழக்கம். நகரத்தில் அது சட்டம். ஒரு மனையில் மொத்தம் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்பதை எப்.எஸ்.ஐ. என்ற எண் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். அதற்குக் கீழே நின்றுகொண்டால் எப்.எஸ்.ஐ. 2, தாண்டினால், முன்னால் 18 மீட்டர் சாலை இருக்கும்பட்சத்தில், 3.25. பத்து கிரவுண்டு, அதாவது 24,000 சதுர அடி மனை என்று வையுங்கள். முதல் கணக்கில் 48,000 சதுர அடி கட்டலாம், இரண்டாவதில் 78,000. அரசுக்குத் தனியாகப் பணம் கட்டி பிரீமியம் எப்.எஸ்.ஐ. வாங்கினால் அதற்கு மேலும் பாதி கூட்டிக்கொள்ளலாம். நிலத்தின் விலை மாறவில்லை, விற்கும் சதுர அடி இரண்டு மடங்குக்கு மேல். சென்னை மேல்நோக்கி வளர்வதன் ரகசியம் பெரும்பாலும் இந்தப் பெருக்கல்தான்.

அடுத்தது தட்டு. கான்கிரீட்டுக்குத் தனக்கென்று உருவம் கிடையாது. ஊற்றிய அச்சின் உருவம்தான் அதற்கு. அந்த அச்சைத்தான் சென்ட்ரிங் என்கிறோம். ஒரு காலத்தில் சவுக்குக் கட்டையும் பலகையும் தகரமுமாக மாடிக்கு மாடி புதிதாக அடித்தார்கள். இப்போது பெரிய அடுக்ககங்களில் அலுமினியத் தட்டுகள். தொழிலில் ‘மைவான்’ என்றால் புரியும். ஒவ்வொரு தகட்டுக்கும் எண் உண்டு. கீழ்மாடியில் கழற்றியதை, தளத்தில் விட்டிருக்கும் துவாரம் வழியாகக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். கிரேன்கூட வேண்டியதில்லை. சுவர், கூரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அச்சு பூட்டி, ஒரே மூச்சில் ஊற்றிவிடலாம். ஊற்றுவதற்கு முன் தகட்டில் எண்ணெய் தடவ வேண்டும். ஏன் என்று இட்லித் தட்டைத் தேய்த்துக் கழுவியவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

இந்த முறையில் ஒரு கண்டிப்பு உண்டு. வெந்த இட்லிக்குள் முந்திரியைத் திணிக்க முடியாது. மாவு ஊற்றும்போதே வைத்துவிட வேண்டும். மின்குழாய், சுவிட்ச் பெட்டி, கழிவுக்குழாய் போகிற வழி எல்லாம் ஊற்றுவதற்கு முந்தின நாளே அச்சுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். குடிவந்த பிறகு ‘இந்தச் சுவரை எடுத்துவிட்டு ஹாலைப் பெரிதாக்கலாமா’ என்று கேட்பவர்களுக்குப் பதில் ‘கூடாது’ என்பதே. அந்தச் சுவர்தான் மேலே உள்ள மாடிகளைச் சுமக்கிறது.

மாவு வருவது வெளியிலிருந்து, மிக்ஸர் லாரியில். பகலில் கனரக வண்டிகளுக்குத் தடையுள்ள சாலை என்றால் நள்ளிரவில் வரும். இட்லி மாவை இன்னொரு நாள் பிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். கான்கிரீட் அப்படிப் பொறுத்திருக்காது. ஆலையில் ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது பொதுவான விதி. உறைவதைத் தள்ளிப்போடும் மருந்து சேர்த்திருந்தால் மட்டும் சலுகை.

லாரி வாசலில் நின்றதும் நடக்கும் ஒரு சின்னச் சடங்கைப் பார்க்கக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். அடி அகலமாகவும் வாய் குறுகலாகவும் ஓர் அடி உயரத்தில் ஒரு தகரக் கூம்பு. அதைத் தட்டையான தகட்டில் வைத்து, காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, லாரியிலிருந்து எடுத்த கலவையை அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்துவார்கள். பிறகு கூம்பை நேராகத் தூக்குவார்கள். கலவை மெல்லச் சரிந்து உட்காரும். கூம்பின் உயரத்துக்கும் உட்கார்ந்த குவியலுக்கும் எத்தனை வித்தியாசம் என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்வார்கள். அதுதான் ஸ்லம்ப். கரண்டியால் மாவைத் தூக்கி விட்டுப் பார்த்து, பதம் சொல்வது போலத்தான்.

இந்த இடத்தில்தான் கட்டடத்துக்கு மிகச் சாதாரணமான கெடுதல் நடக்கிறது. வெயிலிலும் டிராபிக்கிலும் நின்று வந்த கலவை இறுகியிருக்கும், பம்புக் குழாயில் போகாது. யாராவது ஒருவர் ஹோஸை எடுத்து லாரிக்குள் தண்ணீர் விடுவார். வேலை உடனே சுலபமாகிவிடும். நீர்த்த மாவில் இட்லி தட்டையாகிப்போவது கண்ணுக்குத் தெரியும். நீர்த்த கான்கிரீட் வெளியே வழவழப்பாகவே இருக்கும். சிமென்டுக்குத் தேவைப்படாத தண்ணீர் பின்னால் ஆவியாகி, நின்ற இடமெல்லாம் நுண்ணிய ஓட்டைகளை விட்டுவிட்டுப் போகும். அந்த ஓட்டைகள்தான் பலத்தைத் தின்னும். நல்ல சைட்டில் ஹோஸ் எடுத்தவரைத் திட்டி அனுப்பிவிட்டு, அளந்த மருந்தைக் கலந்து இளக்குவார்கள்.

ஊற்றியதும் வைப்ரேட்டர் ஊசியை இறக்கி அதிர வைப்பார்கள். இல்லாவிட்டால் கம்பிகளுக்கு இடையே மாவு இறங்காமல் ஜல்லி மட்டும் தெரியும்படி தேன்கூடு விழும். ஊற்றுவது ஒரே நாள் வேலை.

பிறகு வேகவைப்பது. கான்கிரீட் ‘காய்கிறது’ என்று நாம் சொல்லும் வழக்கம் பல கட்டடங்களைக் கெடுத்திருக்கிறது. அது காய்ந்து இறுகுவதில்லை. சிமென்டும் தண்ணீரும் வினைபுரிந்து இறுகுகிறது, இட்லி ஈரத்திலேயே வேகிற மாதிரி. பானையில் தண்ணீர் வற்றினால் இட்லி கெடும்; தளத்தில் ஈரம் போனால் வினை பாதியில் நின்றுவிடும். அதனால்தான் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள், சுவரில் நனைந்த சாக்கைச் சுற்றுகிறார்கள். குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாள். அடுப்பு அதிகமாக எரிந்தாலும் தொல்லைதான். துபாயில் புர்ஜ் கலீபாவைக் கட்டியபோது கோடையில் கலவையில் ஐஸ் போட்டு, இரவில் ஊற்றினார்கள்.

எப்போது தட்டைப் பிரிப்பது? சுவர்த் தகடுகளை 16 முதல் 24 மணி நேரத்தில் எடுத்துவிடலாம். கூரையின் அடித்தகட்டை 3 நாளில் எடுக்கலாம், ஆனால் அதைத் தாங்கும் முட்டுகளை எடுக்கக் கூடாது. எட்டு நாள் மாடியின் சூட்சுமம் இதுதான். தட்டு மேலே போய்விடுகிறது, இட்லி மட்டும் அரைவேக்காட்டில் முட்டுக்கொடுத்து நிற்கிறது. சைட்டில் ஜாக்கி என்று சொல்லும் அந்த இரும்பு முட்டுகள் பொதுவாக மூன்று மாடிகளில் நிற்கும். மேலே புதிதாக ஊற்றும் தளத்தின் எடை ஒரு மாடியின் தலையில் விழாமல், கீழே உள்ள மூன்றும் பகிர்ந்துகொள்ளும். பானைக்குள் அடுக்கிய தட்டுகளில் மேல்குழி கீழே உள்ள இட்லியை அழுத்தாதபடி மாற்றி வைப்போம். இங்கே நேர்மாறு. மேல் ஜாக்கிக்குச் சரியாகக் கீழே கீழ் ஜாக்கி நிற்க வேண்டும். விலகினால் இளம் தளம் அந்த இடத்தில் வளையும், வெடிக்கும்.

கான்கிரீட்டின் முழுப் பலத்துக்கு 28 நாள் என்று கணக்கு. எம்30 தரம் என்றால், 15 சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்று 28-ஆம் நாளில் சுமார் 69 டன் தாங்க வேண்டும். ஊற்றும்போதே சில கனசதுரங்களை வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைப்பார்கள். 7-ஆம் நாள் மூன்றை நசுக்கிப் பார்ப்பார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்திருக்க வேண்டும். மீதி மூன்று 28-ஆம் நாள். இப்போது கணக்குப் போடுங்கள்: எட்டு நாளைக்கு ஒரு மாடி என்றால், பத்தாம் மாடி நன்றாக வெந்ததா என்ற ரிசல்ட் வரும்போது அதன் தலையில் இன்னும் மூன்று மாடிகள் ஏறியிருக்கும். வேகம் முழுக்கத் தட்டின் வேகம். மாவு தன் 28 நாளை விட்டுக்கொடுப்பதில்லை.

ரிசல்ட் தோற்றால் தளத்தையே துளைத்து உருளை எடுத்துச் சோதிப்பார்கள். அதுவும் தோற்றால் வலுவூட்ட வேண்டும், அல்லது இடிக்க வேண்டும். சரியாக வராத இட்லியை உதிர்த்து உப்புமா செய்துவிடலாம். கட்டடத்தில் அந்த வசதி இல்லை. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

சரி, இவ்வளவு அவசரமாக ஏறியது மேலே போய் ஏன் நிற்கிறது? வீடு வாங்குபவர் பணம் கட்டும் அட்டவணையைப் பாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் தவணை ஸ்லாபோடு கட்டப்பட்டிருக்கும்: அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, மூன்றாம் தளம் போட்டால் இவ்வளவு. கூரை ஏறுவதற்குள் விலையில் பெரும்பகுதி வசூலாகிவிடும். வங்கியும் ஸ்லாப் போட்டோவைப் பார்த்துத்தான் கடனை விடுவிக்கிறது. கட்டுபவருக்கு ஒவ்வொரு தளமும் பில். ஓடாமல் என்ன செய்வார்?

ஆனால் இட்லி வெந்தால் சாப்பாடு தயார் என்று அர்த்தமில்லை; சாம்பாருக்கு இனிமேல்தான் பருப்பு வேக வேண்டும். குளியலறைக்கு நீர்க்கசிவுத் தடுப்பு, தண்ணீர் நிறுத்திச் சோதனை, அதன் மேல் டைல்ஸ், ஜன்னல், லிப்ட், தீயணைப்புக் குழாய், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனி அடுப்பு. ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் உள்ளே வர முடியும். பணம் தாராளமாகச் செலவாகும் கட்டம் இது. வரவேண்டிய தவணையோ கொஞ்சம்தான் மிச்சம். முன்பெல்லாம் வசூலான பணம் அடுத்த மனையை வாங்கப் போய்விடும், இந்தக் கட்டடம் எலும்புக்கூடாக நிற்கும். 2016-இல் வந்த ரெரா சட்டம் இதைப் பிடிக்கத்தான் பார்த்தது. வாங்குபவர் தரும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பொறியாளர், கட்டடக் கலைஞர், ஆடிட்டர் மூவரும் வேலை முடிந்த அளவுக்குச் சான்று தந்தால்தான் எடுக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனாலும் அட்டவணை ஸ்லாபையே எண்ணிக்கொண்டிருக்கும் வரை, சாம்பாரை யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை என்பது என் எண்ணம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், கடைசித் தவணைகளில் எத்தனை சதவீதம் டைல்ஸுக்கும் லிப்டுக்கும் நிறைவுச் சான்றிதழுக்கும் விடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கூட்டச் சொல்லிப் பேரம் பேசுங்கள். உங்கள் தளத்தின் 28-ஆம் நாள் கியூப் ரிப்போர்ட்டின் நகலைக் கேளுங்கள். குடிபோன பிறகு தூணிலோ பீமிலோ குறை தெரிந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷம் வரை கட்டியவரே பொறுப்பு. தெரிவித்த 30 நாளுக்குள் அவர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும்.