தாங்கியைத் தாங்குவது எது?

எங்கள் கடைக்குத் தண்ணீர்த் தாங்கி வாங்க வருபவர்கள் வழமையாக நான்கு கேள்விகள் கேட்பார்கள். எத்தனை லீற்றர்? என்ன விலை? எத்தனை வருட உத்தரவாதம்? கறுப்பு நல்லதா, நீலம் நல்லதா? முப்பது வருடமாக ஹார்ட்வெயார் வியாபாரம் செய்கிறேன். இதை எதன்மேல் வைப்பது என்று தாமாகக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆயிரம் லீற்றர் தண்ணீர் என்றால் ஆயிரம் கிலோ, அதாவது ஒரு தொன். ஒரு வாடிக்கையாளர் மெல்லிய இரும்பில் ஸ்டாண்ட் அடித்து அப்படியொரு தாங்கியை ஏற்றிவைத்தார். மூன்றாம் மாதம் அது சமையலறைக் கூரையையும் உடைத்துக்கொண்டு கீழே வந்தது. நல்ல காலம், உள்ளே ஆளில்லை. தாங்கியில்தான் பிழை என்று கடைக்கு வந்து சண்டை பிடித்தார்கள். போய்ப் பார்த்தால் மடிந்து கிடந்தது ஸ்டாண்டின் கால்.

வீட்டுக் கூரையில் அசையாமல் நிற்கும் தாங்கிக்கே இந்த நிலை என்றால், மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனத்தின் அடியில் தொங்கும் தாங்கியை யோசித்துப் பாருங்கள். அப்படியொன்றை நான் கண்டது 2023 கோடை காலத்தில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வசிக்கும் என் தங்கையின் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தபோது.

மருமகன் பாவித்த ஆர்.வி. ஒன்றை வாங்க விலை பேசிக்கொண்டிருந்தார். ஆர்.வி. என்பது நடமாடும் வீடு. படுக்கை, அடுப்பு, குளியலறை, மலசலகூடம் எல்லாம் உள்ளேயே இருக்கும். சிலவற்றுக்குச் சொந்த எஞ்சின் உண்டு. சிலவற்றை வேறு வாகனத்தில் பூட்டி இழுக்க வேண்டும். இவர் பார்த்தது இழுக்கும் வகை. அமெரிக்கர்களுக்கு இதில் உள்ள மோகம் சொல்லி முடியாது. கொவிட் காலத்தில் விமானப் பயணத்துக்குப் பயந்தவர்கள் எல்லோரும் இதன் பக்கம் திரும்பியதால் 2021ஆம் ஆண்டில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. 2023இல் அந்தத் தொகை ஏறத்தாழ பாதியாக விழுந்தது. அவசரத்தில் வாங்கியவர்கள் விற்கத் தொடங்கினார்கள். பாவித்த வண்டி மலிவாகக் கிடைத்த காலம் அது. மலிவாகக் கிடைக்கும்போதுதான் குனிந்து பார்க்க வேண்டும் என்பது வியாபாரிக்குத் தெரியும்.

"மாமா, டேங்க் உங்கட தொழில்தானே. ஒருக்கா வந்து பாருங்களேன்" என்றார். போனேன்.

இந்த வண்டிகளில் பொதுவாக மூன்று வகைத் தாங்கிகள் இருக்கும். குடிக்கவும் குளிக்கவும் நல்ல தண்ணீருக்கு ஒன்று. பேசின், குளியலறைக் கழிவு நீருக்கு ஒன்று. அதைச் சாம்பல் தாங்கி என்பார்கள். மலசலகூடக் கழிவுக்கு மற்றொன்று. அது கறுப்புத் தாங்கி. நாங்கள் பார்த்த வண்டியில் நல்ல தண்ணீருக்கு 40 கெலன், சாம்பலுக்கு 40, கறுப்புக்கு 30. அமெரிக்கக் கெலன் ஒன்று 3.785 லீற்றர். நல்ல தண்ணீர் மட்டும் 151 கிலோ. மூன்றும் நிறைந்தால் 416 கிலோ. இரண்டு மாட்டை வண்டியின் வயிற்றில் கட்டித் தொங்கவிட்டது போல. அதுவும் சும்மா தொங்கும் பாரமல்ல. பாதி நிறைந்த தாங்கியில் தண்ணீர் அலையடிக்கும். சில்லு குழியில் விழும்போது இந்த எடையே மேலிருந்து உதைக்கும்.

அந்நாட்டுச் சட்டப்படி இழுக்கும் ஆர்.வி.யில் எவ்வளவு சாமான் ஏற்றலாம் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீர் முழுதாக நிரப்பினால் அதில் எத்தனை கிலோ போய்விடும் என்பதையும் அதே ஸ்டிக்கரில் எழுத வேண்டும். இதை எத்தனை பேர் வாசிக்கிறார்களோ தெரியாது. அந்த விற்பனையாளர் வாசித்ததில்லை. "தண்ணீரை நிரப்பிக்கொண்டு எங்கேயும் போகலாம், நாங்கள் அப்படித்தான் போவோம்" என்று பெருமையாகச் சொன்னார்.

டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்தேன். ஐம்பது தாண்டியவனுக்கு அது இலேசான காரியமல்ல. தாங்கிகளை மறைத்து, குளிர் உள்ளே போகாமலிருக்க, கறுப்பு பிளாஸ்டிக் தகடு ஒன்றை அடிப்பாகம் முழுவதும் அடித்திருப்பார்கள். அந்தத் தகடு நேராக இருக்க வேண்டும். இங்கே அது கர்ப்பிணி ஆட்டின் வயிறு மாதிரி தொங்கியது. விற்பனையாளரின் அனுமதியோடு ஒரு பக்கத்தைக் கழற்றிப் பார்த்ததும் விடயம் விளங்கியது. நல்ல தண்ணீர்த் தாங்கியின் இரு ஓரங்களையும் மெல்லிய தகட்டுப் பட்டிகள் இரண்டு பிடித்திருந்தன. பட்டிகளைச் சட்டத்தோடு இணைத்தவை போல்ட் அல்ல, வெறும் திருகாணிகள். ஒரு பக்கத்தில் மூன்று திருகாணிகள் துருப்பிடித்துக் கழன்றிருந்தன. பட்டி வளைந்து, தாங்கியின் நடுப்பகுதி இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. அதைக் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பிளாஸ்டிக் தகடுதான். நெடுஞ்சாலையில் பின்னால் ஒரு குடும்பம் காரில் வந்துகொண்டிருக்கும்போது இது கழன்று விழுந்திருந்தால்? இது ஒரு வண்டியின் கதை மட்டுமல்ல. தாங்கியின் பிடிமானம் போதாது, கழன்று வீதியில் விழலாம் என்று கம்பனிகள் வண்டிகளைத் திருப்பி அழைத்த அறிவித்தல்கள் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பதிவேட்டில் பல உண்டு.

விலை 700 டொலர் இறங்கியது. வண்டியை மருமகனே வாங்கினார்.

திருத்த வேலையை வீட்டுக்கே வந்து செய்யும் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தோம். முதலில் தாங்கியைக் காலியாக்கினார். பிறகு பலகை ஒன்றை வைத்து ஜெக்கினால் மெதுவாகப் பழைய மட்டத்துக்கு உயர்த்தினார். பலகை இல்லாமல் ஜெக்கை வைத்தால் அதுவே தாங்கியைக் குத்திவிடும். ஒரு பக்கச் சட்டத்திலிருந்து மறுபக்கச் சட்டம் வரை குறுக்காக மூன்று சதுர இரும்புக் குழாய்கள். அவற்றின் மேல், பாரம் பரவுவதற்கு, வர்ணம் பூசிய அரை அங்குல பிளைவூட். இரும்பு உரசாமல் இடையில் ரப்பர் பட்டி. திருகாணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் முழுதாகத் துளைத்து மறுபக்கம் நட் போட்ட போல்ட்கள், அதிர்வில் கழலாத நைலோன் நட்கள். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் அவர் துளையிடவில்லை. பாரம் முக்கியமாக ஓடுவது அந்த விளிம்புகளில்தான், அதனால் நடுப்பாகத்தில் மட்டும் துளையிடுவேன் என்றார். பிளாஸ்டிக் தாங்கிக்குப் பக்கத்தில் வெல்டிங்கும் செய்யவில்லை. மூன்று மணித்தியால வேலை. விலையில் குறைந்த பணத்தில் இந்தச் செலவு போக மிச்சமும் இருந்தது.

இன்னொரு பிழையும் கண்டேன். அது நம் ஊரிலும் தினமும் நடப்பது. தாங்கியின் குழாய் மூட்டில் சிறு கசிவு. முந்தின சொந்தக்காரர் அதன்மேல் பி.வி.சி. பசையைப் பூசி, அதற்கு மேல் சிலிக்கனையும் அப்பியிருந்தார். நகத்தால் கிளறியதும் தோல் மாதிரி உரிந்து வந்தது. பெரும்பாலான தாங்கிகள் பொலிஎதிலீன். நமது வீட்டுக் கூரைத் தாங்கிகளும் அதேதான். அதில் எந்தச் சாதாரணப் பசையும் ஒட்டாது. அதே இனப் பிளாஸ்டிக் குச்சியைச் சூடாக்கி உருக்கி ஒட்ட வேண்டும், அல்லது ரப்பர் வளையம் போட்டு மூட்டை மாற்ற வேண்டும். ஏ.பி.எஸ். என்ற கடினமான பிளாஸ்டிக்கில் செய்த தாங்கி என்றால் அதற்குரிய பசை நன்றாகப் பிடிக்கும். எது என்று தாங்கியிலேயே பெரும்பாலும் அச்சடித்திருக்கும். பார்க்காமல் பசை வாங்கினால் காசு வீண். எங்களிடம் வந்து கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அப்படியிருந்தும் பாதிப் பேர் பசையைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இனிக் கறுப்புத் தாங்கி. எழுத அருவருப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த வண்டி வைத்திருப்பவர்களை அதிகம் அழவைப்பது இதுதான். முகாம் மைதானங்களில் வண்டியின் கழிவுக் குழாயை நிலத்திலுள்ள குழாயோடு நேரடியாகப் பூட்டலாம். பூட்டியதும் புதியவர்கள் செய்வது என்ன? வால்வைத் திறந்தே விட்டுவிடுவார்கள், தானாகப் போகட்டும் என்று. தண்ணீர் போய்விடும், திண்மம் மட்டும் அப்படியே நின்றுவிடும். நாளடைவில் அது மலசலகூடத்துக்கு நேர் கீழே கூம்பாக உயர்ந்து, காய்ந்து சீமெந்து மாதிரி இறுகிவிடும். பிறகு உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சும் ஆட்களை அழைத்துப் பெரிய தொகை கொடுக்க வேண்டியதுதான்.

வால்வு எப்போதும் மூடியிருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு ஒரேயடியாகத் திறந்தால், பாயும் தண்ணீரே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் கறுப்பு, அடுத்தது சாம்பல்; சவர்க்காரத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். காலியானதும் சில கெலன் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டுத்தான் மறுபடி பாவிக்கத் தொடங்க வேண்டும். மருமகன் வீட்டாருக்கு இதில் ஒரு இலாபம் உண்டு. கடதாசி பாவிக்கும் குடும்பத்தின் தாங்கிக்குத்தான் அடைப்பு அதிகம். நமது பழக்கப்படி தண்ணீரால் கழுவுபவர்களின் தாங்கி சற்றுச் சீக்கிரம் நிறையும், ஆனால் அடைபடுவது குறைவு.

உள்ளே மட்டம் காட்டும் விளக்குகளை நம்ப வேண்டாம். தாங்கியின் சுவரில் பதித்த சிறு உலோக முனைகள்தான் அவற்றை இயக்குகின்றன. முனையில் கடதாசி ஒட்டிக்கொண்டால் காலித் தாங்கியும் நிறைந்ததாகக் காட்டும். மணம் வந்தால் உடனே மருந்து வாங்க ஓடவும் வேண்டாம். கூரைக்குப் போகும் காற்றுக் குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கலாம். பேசினுக்குக் கீழே வளைந்த குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கலாம். ஃபோமல்டிஹைட் கலந்த மருந்துகள் மணத்தை அடக்கும். ஆனால் முகாம் மைதானத்தின் மலக்குழியில் கழிவைச் சிதைக்கும் கிருமிகளையும் அவை கொன்றுவிடும். அதனால் அவற்றைத் தடுத்திருக்கும் இடங்கள் உண்டு. ஐஸ் கட்டிகளைப் போட்டு வண்டியை ஓட்டினால் உள்ளே சுரண்டிச் சுத்தமாகும் என்றும் சிலர் நம்புகிறார்கள். ஐஸ் தண்ணீரில் மிதக்கும், கொஞ்ச நேரத்தில் கரையும். அடியில் இறுகியதை அது எப்படிச் சுரண்டும்?

நல்ல தண்ணீர்த் தாங்கிக்குச் செய்ய வேண்டியது சுருக்கம். பருவத்தின் தொடக்கத்தில் 15 கெலனுக்குக் கால் கோப்பை என்ற கணக்கில் வாசனை சேராத குளோரின் திரவத்தைக் கலந்து, எல்லாக் குழாய்களிலும் அந்த மணம் வரும்வரை ஓடவிட்டு, ஓர் இரவு வைத்திருந்து, மணம் போகும்வரை கழுவ வேண்டும். நல்ல தண்ணீருக்கு ஒரு ஹோஸ், கழிவைக் கழுவ வேறு ஹோஸ். இரண்டையும் ஒரே பெட்டியில் போடக் கூடாது. சுத்தம் அசுத்தம் பிரித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்த வண்டிகளில் பெரும்பகுதியைச் செய்வது இந்தியானா மாநிலத்திலுள்ள எல்கார்ட் பிரதேசம். 2021இல் அங்கே இரவு பகலாக வண்டி செய்து சம்பாதித்தார்கள். நான் பார்த்தவரை, விற்பனை இறங்கிய காலத்திலும் கை காயாமல் இருந்தவர்கள் வால்வு விற்பவர்களும், ரப்பர் வளையம் விற்பவர்களும், எங்களிடம் வந்ததுபோல வீட்டுக்கே வந்து திருத்துபவர்களும்தான். அந்த மெக்கானிக்கிடம் நேரம் வாங்க எங்களுக்குப் பதினொரு நாட்கள் பிடித்தன. வண்டி ஒரு தடவைதான் விற்கும். அதன் வால்வு பலதடவை விற்கும்.

நான் ஊர் திரும்பிய பிறகு ஒக்டோபர் மாதக் கடைசியில் மருமகன் தொலைபேசியில் பேசினார். குளிர் தொடங்கிவிட்டது, தண்ணீர் உறைந்தால் ஒன்பது வீதம் பெருக்கும், குழாயும் வால்வும் வெடித்துவிடும், எல்லாவற்றையும் வடித்துவிட்டேன் என்றார். வளைந்த குழாய்களில் ஊற்ற, கார் ரேடியேட்டருக்கென வாங்கி வைத்திருந்த பச்சைத் திரவம் கையில் இருக்கிறதாம், அது போதுமா என்று கேட்டார். அது பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல், நஞ்சு. குடிதண்ணீர் ஓடும் குழாயில் ஒரு துளிகூட விடக் கூடாது என்றேன். ஆர்.வி.க்கென்றே விற்கும் இளஞ்சிவப்புத் திரவம், புரொப்பிலீன் கிளைக்கோலில் செய்தது, அதை இரண்டு மூன்று கெலன் வாங்கச் சொன்னேன். வாங்கி ஊற்றிவிட்டு மறுநாள் படம் அனுப்பியிருந்தார். படத்தில் நான் முதலில் பார்த்தது அடித்தகட்டைத்தான். நேராக இருந்தது.