மூலத்திலிருந்து லினக்ஸ்: கட்டுமுன் ஆயத்தம்



கணினியை இயக்கும் பணிசெயல் முறைமையை நம்மில் பெரும்பாலோர் கடையில் ஆயத்த ஆடை வாங்குவது போலவே பெற்றுக்கொள்கின்றோம். நூல் நூற்று, துணி நெய்து, தாமே தைத்து உடுத்துவோரும் உளர். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் கருவின் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பதால் இது இயல்வதாயிற்று. இம்முயற்சிக்கு வழிகாட்டும் 'லினக்ஸ் ஃபுரொம் ஸ்கிராட்ச்' என்னும் நூலை ஜெராட் பீக்மன்ஸ் தொடங்கினார். 1999இல் முதன்முதல் வெளிவந்த அந்நூல் இன்றும் புதுக்கப்பட்டு, கட்டணமின்றிக் கிடைக்கின்றது.

உயர்தர வகுப்பு மாணவர் சிலர் நூலைத் திறந்ததும் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யத் தொடங்கிவிடுகின்றனர். நான் அதனை விரும்புவதில்லை. நம் இல்லங்கள் பலவற்றில் இருப்பது ஒரே கணினி. குடும்பப் படங்களும் பிள்ளைகளின் பரீட்சைக் குறிப்புகளும் அதனுள்ளேயே இருக்கின்றன. அவற்றைப் பிறிதொரு வட்டில் படியெடுத்து வைப்பதே முதல் வேலை.

மூலநிரலை இயந்திரமொழியாக்குவது தொகுப்பான். அத்தொகுப்பானும் மூலநிரலாகவே வருகின்றது. அதனைத் தொகுப்பது எது? கோழி முந்தியதோ முட்டை முந்தியதோ என்னும் பழைய வழக்கே இது. ஆதலின் ஏலவே லினக்ஸ் இயங்கும் ஒரு கணினி வேண்டும். அதன் தொகுப்பானைக் கொண்டு தற்காலிகக் கருவிகளைச் செய்து, அக்கருவிகளால் இறுதி முறைமையைக் கட்டுகின்றோம். பழைய கணினியின் சார்பு புதியதிற் படியாதிருக்கவே ஒரே பொதியைச் சிலவேளை இருமுறைக்கு மேலும் கட்ட நேர்கின்றது.

பழைய கணினியின் கருவிகள் போதிய அளவு புதியனவா என்று சோதிக்க நூலிலேயே ஒரு சிறு நிரல் உண்டு. டெபியன், உபுண்டு வகைகளில் 'எஸ்எச்' என்னும் கட்டளை வழக்கமாக 'டாஷ்' நிரலையே சுட்டும். நூலோ 'பாஷ்' நிரலை வேண்டுகின்றது. இதனைக் கவனியாது சென்றோர் காரணம் விளங்காமலே நடுவழியில் நிற்பர்.

வன்தட்டில் 30 ஜிகாபைட் அளவில் தனிப்பகுதி ஒதுக்குதல் நன்று. தொடக்கநிலையினர் மெய்நிகர் இயந்திரமொன்றினுள் கட்டுவதே என் எண்ணத்திற் சாலச் சிறந்தது. எது கெடினும் அவ்வியந்திரமே கெடும்.

மிகப் பெரிய இடர் ஒரு சிறு சொல்லில் உளது. புதிய முறைமையின் இருப்பிடத்தை 'எல்எஃப்எஸ்' என்னும் மாறியில் குறித்துவைக்கின்றோம். கணினியை மீள இயக்கினால், நிலையாக எழுதிவைக்காதவிடத்து, அக்குறிப்பு மறைந்துவிடும். ஊர்ப்பெயர் எழுதாத கடிதம் உள்ளூரிலேயே விநியோகிக்கப்படுவது போல, புதிய முறைமைக்குரிய கோப்புகள் பழைய முறைமையின்மீதே எழுதப்படும். ஆதலின் ஒவ்வொரு முறை அமரும்போதும் அம்மாறியின் பெறுமதியை அச்சிட்டுப் பாருங்கள். தொடக்க வேலைகளுக்கு நிருவாக அதிகாரமற்ற தனிப் பயனர் ஒருவரை நூல் உருவாக்கச் சொல்வதும் இவ்விடரை அஞ்சியே. அப்பயனர் தவறினாலும் கணினி இடங்கொடாது. பிந்திய படிகளில் நிருவாக அதிகாரம் தேவைப்படும். ஆங்கே கவனம் இரட்டிப்பாதல் வேண்டும்.

பொதிகள் யாவற்றையும் முன்னரே இறக்கிச் சரிபார்ப்புத் தொகையுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பின்னர் முதற்பொதியாகிய பின்யூட்டில்ஸைக் கட்டும்போது நேரத்தைக் குறியுங்கள். அதுவே நூலின் அலகு. அது நான்கு நிமிடமாயின், பத்து அலகுப் பொதிக்கு ஏறத்தாழ நாற்பது நிமிடம் செல்லும். ஜி.சி.சி. தொகுப்பானின் இறுதிக் கட்டுமானத்துக்கும் அதன் சோதனைகளுக்கும் ஒரு விடுமுறை நாளையே ஒதுக்கிவையுங்கள்.