ரயில் போச்சு... நட்சத்திரம் வந்தாச்சு!

தலைக்கு மேலே நூற்றுக்கணக்கில் நீல நிறப் புள்ளிகள். அமாவாசை இரவில் மொட்டைமாடியில் படுத்து வானம் பார்ப்பது போலிருக்கும். ஆனால், நீங்கள் நிற்பது மலையைக் குடைந்த ஒரு பழைய ரயில் சுரங்கத்துக்குள்!

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், லித்கோ நகருக்கு வடக்கே வோலெமி தேசியப் பூங்காவில் இருக்கிறது இந்தச் சுரங்கம். நீளம் சுமார் 400 மீட்டர்.

எண்ணெய்க்காக வந்த ரயில்

வோல்கன் பள்ளத்தாக்கின் நியூன்ஸ் என்ற ஊரில், எண்ணெய் எடுக்கக்கூடிய பாறைகள் கிடைத்தன. அந்த எண்ணெயை வெளியே கொண்டுவர 1907-ல் மலைப்பாதை போட்டார்கள். 25 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்து! அதற்காகவே அமெரிக்காவிலிருந்து 'ஷே' ரக இன்ஜின்கள் வந்தன. ஆனால், தொழில் நஷ்டத்திலேயே தள்ளாடியது. 1932-ல் ரயில் நின்றது. பின்னர் தண்டவாளங்களையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

புதிய குடித்தனம்

ஆளில்லாத வீட்டில் வேறு யாரோ குடியேறுவது போல, இந்தச் சுரங்கத்திலும் ஒரு கூட்டம் குடியேறியது. உள்ளே சிறு ஓடை ஓடுவதால் எப்போதும் ஈரம். சுரங்கம் வளைந்து செல்வதால் நடுவே கும்மிருட்டு. ஒளிரும் புழுக்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இவை நம்மூர் மின்மினிகள் அல்ல. மின்மினி, வண்டு இனம். இவையோ கொசு போன்ற ஒரு சிறு ஈயின் புழுக்கள். பசையுள்ள பட்டு நூல்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, வால் நுனியில் விளக்கேற்றிக் காத்திருக்கும். வெளிச்சத்தை நாடிவரும் பூச்சி நூலில் ஒட்டிக்கொண்டால், நூலை மேலே இழுத்துச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும். நாம் நட்சத்திரம் என்று ரசிப்பது, உண்மையில் தூண்டில்!

புழுப் பருவம் பல மாதங்கள். ஈயாக மாறிய பிறகு சில நாள்களே ஆயுள். அப்போது அது எதுவும் சாப்பிடுவதில்லை. ஆக, வாழ்நாள் முழுமைக்குமான சாப்பாட்டைப் புழுவாக இருக்கும்போதே சம்பாதித்தாக வேண்டும்.

டார்ச் கவனம்!

சிக்கல் நம்மால்தான். கூரையில் டார்ச் அடித்தாலோ, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தாலோ புழுக்கள் விளக்கை அணைத்துவிடும். விளக்கு அணைந்தால் இரை வராது. நமக்கு ஒரு செல்ஃபி; அதற்கு ஒரு வேளைப் பட்டினி!

நடப்பதற்கு டார்ச் கட்டாயம் வேண்டும்; தரை கரடுமுரடு, ஈரம் வேறு. வெளிச்சம் காலடியிலேயே இருக்கட்டும். நடுப்பகுதி வந்ததும் அணைத்துவிட்டு, பேசாமல் சில நிமிடங்கள் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பழக, ஒன்று, பத்து, நூறு என விளக்குகள் முளைக்கும்.

குழந்தைகளை அழைத்துச் சென்றால் அவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "இது அவங்க வீடு. நாம விருந்தாளி!"